படத்தில் மலை தெரிகிறது, மக்கள் தெரிவதில்லை
எல்லை மாவட்டங்களில் பெருகிவரும் சுற்றுலாப் படங்களும் தமிழ்த் தொழிலாளரும்

ஓணம், கிறிஸ்துமஸ், கோடை விடுமுறை என்று எந்த விடுமுறை வந்தாலும் மூணாறு செல்லும் சாலையில் வாகனங்கள் எறும்புச் சாரிபோல நிற்பது வழக்கமாகிவிட்டது. வருகிறவர்களில் பெரும்பாலோர் மலையைப் பார்ப்பதைவிட, மலையின் முன்னால் நின்று படம் எடுப்பதில்தான் அதிக நேரம் செலவிடுகின்றனர். எடுத்த படம் அவர்கள் ஊர் திரும்பும்வரை காத்திருப்பதில்லை. அவர்கள் மலையை விட்டு இறங்குவதற்கு முன்பே அது சென்னைக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஒரு காலத்தில் ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள்தான். கணக்குப் பார்த்து எடுப்பார்கள். ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி, பிரதி எடுத்து, ஆல்பத்தில் ஒட்டினால், வீட்டுக்கு வரும் உறவினர் பத்துப்பேர் பார்ப்பார்கள். அத்துடன் அந்தப் படத்தின் வேலை முடிந்தது. இன்று செல்போன் உள்ள ஒவ்வொருவரும் ஒரு படப்பிடிப்பாளர். அவர் அனுப்பும் படத்தைப் பத்துப்பேரும் பார்க்கலாம், பத்து லட்சம்பேரும் பார்க்கலாம். அதன் பயணத்துக்கு எல்லையும் இல்லை, அதைத் திரும்ப அழைக்கும் வழியும் இல்லை.

இது பொழுதுபோக்கு விஷயம் என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் தோட்டத்திலும் கடையிலும் ஆபீசிலும் வேலை செய்து பிழைக்கும் தமிழர்களுக்கு இதில் மூன்று விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று பிழைப்பு. இரண்டாவது பாதுகாப்பு. மூன்றாவது உரிமை. இம்மூன்றையும் தனித்தனியே பார்ப்பது அவசியம்.

எந்த ஊர், எந்த மாநிலம்?

முதலில் படத்தின் கீழே எழுதப்படும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். மூணாறு என்ற பெயரில் அதிகமாக உலவும் காட்சிகளில் ஒன்று டாப் ஸ்டேஷன். ஆனால் டாப் ஸ்டேஷன் இருப்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில். கடலாகப் பரந்த மேகத்தின்மேல் சூரியன் உதிக்கும் கொழுக்குமலையும் தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததே. இரண்டுக்கும் வண்டிப்பாதை மட்டும் இடுக்கி மாவட்டத்தின் வழியாகச் செல்கிறது. கொழுக்குமலைக்கு ஜீப் புறப்படுவது சூரியநெல்லியிலிருந்து.

இதற்கு நேர்மாறானது பரம்பிக்குளம். அது பாலக்காடு மாவட்டத்துப் புலிகள் காப்பகம். அங்கே போவதற்கோ பொள்ளாச்சி, சேத்துமடை, டாப் ஸ்லிப் என்று தமிழ்நாட்டு வழியாகத்தான் செல்ல வேண்டும். பரம்பிக்குளம் அணை கேரள மண்ணில் உள்ளது. அதை இயக்குவது தமிழக அரசு.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. எல்லை என்பது வரைபடத்தில் ஒரு கோடு. வாழ்க்கையில் அது ஒரு பின்னல். ஒரு மாநிலத்தின் மலைக்கு இன்னொரு மாநிலத்தின் பாதை, ஒரு மாநிலத்தின் அணைக்கு இன்னொரு மாநிலத்தின் ஆட்கள். காலையில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வந்து, மாலையில் வீடு திரும்பும் பெண் தொழிலாளர்கள் இந்தப் பின்னலின் உயிர்நூல்கள். ஊர்ப்பெயரைத் தவறாகப் போடுவது சிறு பிழையாகத் தோன்றலாம். ஆனால் வழி தெரியாமலும் அனுமதி கேட்காமலும் படத்தை மட்டும் நம்பி ஆட்கள் கிளம்புவதற்கு இதுவே முதற்படி.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ இன்னும் மறக்கக்கூடியதல்ல. கொழுக்குமலைப் பாதையில் மலையேற்றம் வந்த குழுவினர் அந்தத் தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உரிய அனுமதி பெறாமல் மலையேறியது குறித்து அப்போது கேள்விகள் எழுந்தன. மலையின் அழகு படத்தில் தெரியும். கோடையில் காய்ந்து நிற்கும் புல்லின் ஆபத்து படத்தில் தெரியாது.

பச்சைக் கம்பளமும் லயமும்

மூணாறு என்றதும் எல்லோர் கண்ணிலும் நிற்பது, கத்தரித்து விட்டாற்போல் ஒரே சீராகப் பரந்து கிடக்கும் தேயிலைச் சரிவுகள். அது இயற்கை தந்த காட்சி அன்று. மனிதக் கை செய்த காட்சி. 1877-ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் இந்த மலைப்பகுதியைக் குத்தகையாகப் பெற்றார். பின்னர் கம்பெனிகள் வந்தன. திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தமிழர்களே காட்டை வெட்டித் தேயிலை நட்டனர்.

அந்த மலையில் ஒரு ரயிலும் ஓடியது. 1908 முதல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஓடிய குண்டளப் பள்ளத்தாக்கு ரயில், இரண்டடி அகலப் பாதையில் சென்ற சிறு ரயில். டாப் ஸ்டேஷனில் இறக்கிய தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியில் தொங்கியபடி கோட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குச் சென்றன. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அப்படி வந்ததுதான். 1924-ம் ஆண்டு வெள்ளத்தில், மலையாளத்தில் '99-ம் வெள்ளம்' என்று சொல்லும் பெருவெள்ளத்தில், அந்தப் பாதை அழிந்துபோயிற்று. மறுபடி போடப்படவில்லை.

அப்படியொரு ரயில் ஓடியதை இன்றைய தலைமுறை நம்புவதற்குக் காரணம், மிஞ்சியிருக்கும் சில கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். ஒரு படத்துக்கு உள்ள பெருமை இது. காலம் அழித்ததை அது காப்பாற்றி வைக்கிறது. ஆனால் அந்தப் பாதைக்குத் தண்டவாளம் சுமந்தவர்கள் யார், அவர்கள் ஊர் எது, பெயர் என்ன என்பதை எந்தப் படமும் சொல்வதில்லை. நூறு ஆண்டுக்குப் பின்னும் அந்த வழக்கம் மாறியதாகத் தெரியவில்லை. கொழுந்து கிள்ளும் பெண்ணைப் படமெடுக்கிறார்கள். முதுகில் தொங்கும் பை வண்ணமாக இருக்கிறது என்கிறார்கள். அவருடைய நாட்கூலி எவ்வளவு, அவர் குடியிருப்பது எங்கே என்று கேட்பவர் அபூர்வம்.

இந்த மௌனம் ஒருமுறை உடைந்தது. 2015-ம் ஆண்டு செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தனர். அப்போது நாட்கூலி ரூ. 232. போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெண்களே நடத்திய அந்தப் போராட்டம் 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்றது. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின் போனசும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் பெற்றனர். பிறகு கூலியும் ரூ. 301 ஆக உயர்ந்தது.

அந்த ஒன்பது நாளும் மூணாறிலிருந்து நாடெங்கும் சென்ற படங்களில் தேயிலைச் செடி பின்னால் இருந்தது, மனிதர்கள் முன்னால் இருந்தனர். எத்தனையோ ஆண்டு வந்துபோன சுற்றுலாப் படங்கள் சொல்லாததை அந்தப் படங்கள் சொல்லின. படம் எடுப்பதில் குற்றமில்லை, எதை எடுக்கிறோம் என்பதே கேள்வி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெட்டிமுடி

வரையாடு பார்க்கும் ஆசையில் உல்லாசப் பயணிகள் வரிசையில் நிற்கும் இடம் ராஜமலை. இரவிகுளம் தேசியப் பூங்காவின் வாசல் அது. அதைத் தாண்டிச் சில கிலோமீட்டர் சென்றால் பெட்டிமுடி. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி இரவு, கொட்டும் மழையில் மலை சரிந்து, அங்கிருந்த தோட்டத் தொழிலாளர் லயங்களை அப்படியே மூடியது. இறந்தவர்கள் 70 பேர். நால்வரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. மாண்டவர்களில் மிகப்பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். பலருக்கு தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பகுதியில் உறவுகள். ராஜமலையிலேயே அவர்களுக்குப் பொதுக்குழி வெட்டப்பட்டது.

அன்றிரவு மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. செய்தி வெளியே வந்தது மறுநாள் காலையில். ராஜமலையில் வரையாட்டுடன் எடுத்த படம் ஒரு நொடியில் உலகைச் சுற்றுகிறது. அதே மலையில் 70 உயிர் போன செய்திக்கு ஓர் இரவு ஆயிற்று. சுற்றுலாவுக்குக் கிடைத்த வசதி தொழிலாளரின் குடியிருப்புக்குக் கிடைக்கவில்லை என்பதை இந்த ஒரு விஷயமே காட்டும்.

தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடு கட்டித் தரப்பட்டது. ஆனால் மற்ற எஸ்டேட்டுகளின் நிலைமை என்ன? வேலையில் இருக்கும்வரை லயம். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். மூன்று, நான்கு தலைமுறை அதே மலையில் உழைத்தும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பங்கள் ஏராளம். பச்சைக் கம்பளத்தின் படத்தை ரசிப்பவருக்கு இது தெரிய வேண்டும். தெரியச் செய்யும் பொறுப்பு, அங்கேயே இருந்து செல்போனில் படம் எடுக்கும் தொழிலாளியின் மகனுக்கும் மகளுக்கும் உண்டு.

கூட்டத்தால் வரும் லாபமும் நஷ்டமும்

சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்வது நியாயமாகாது. ஜீப் ஓட்டுபவர், டீக்கடை நடத்துபவர், கேரட்டும் சாக்லேட்டும் விற்பவர், விடுதியில் துணி துவைப்பவர் என்று ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் பயணிகளை நம்பி அடுப்பு மூட்டுகின்றன. தேயிலைக்கு விலை இறங்கும் காலத்தில் பயணிகள்தான் துணை. ஒரு நல்ல படம் நூறு பயணிகளை அழைத்து வருமானால் அது வரவேற்க வேண்டியதே.

ஆனால் அளவு மீறும்போது நிலைமை வேறு. பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோடு இதற்கு ஓர் உதாரணம். நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்தில், நெல்வயலும் பனைமரமும் அருவிக் காட்சியுமாக அமைதியாக இருந்த ஊர். 2023-ல் இந்தியாவின் அழகான கிராமங்கள் என்று ஒரு பட்டியல் சமூக வலைத்தளங்களில் உலவியது. ஒரு பெரிய தொழிலதிபரும் அதைப் பகிர்ந்தார். அந்தப் பட்டியலில் கொல்லங்கோடு இருந்தது. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் குறுகிய ரோடுகளில் கார்கள் அடைத்துக்கொண்டன. படத்துக்காக வரப்பில் இறங்கியவர்களாலும், வீசியெறிந்த குப்பையாலும் விவசாயிகள் தொல்லைக்கு ஆளாயினர். படம் எடுப்பவருக்கு வயல் ஒரு பின்னணி. விதைத்தவருக்கு அது வருடச் சோறு.

இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறையில் 2022-ல் நீலக்குறிஞ்சி பூத்தபோதும் இதே கதைதான். படங்கள் பரவிய சில நாட்களில் கூட்டம் மலையை மொய்த்தது. பூவைப் பறித்தவர் பலர். பிளாஸ்டிக் குப்பையை விட்டுச் சென்றவர் அதைவிடப் பலர். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடி, பூத்து விதை உதிர்த்துவிட்டு மடிவது. விதை விழுமுன் பூவைப் பறித்தால் அடுத்த 12 ஆண்டுக்கான பயிரையே பறித்ததாகும். பின்னர் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு இந்தச் செடிக்கும் அளிக்கப்பட்டது. மூணாறு பகுதியில் 2018-ல் பூத்த குறிஞ்சி மறுபடி பூப்பது 2030-ல். அதற்குள்ளாவது ஓர் ஒழுங்கு ஏற்பட வேண்டும்.

இது இங்கு மட்டும் உள்ள தலைவலி அன்று. ஜப்பானில் பியூஜி மலை அடிவாரத்தில் ஒரு சிறு ஊர். அங்கே ஒரு கடையின் தலைக்கு மேல் மலை நிற்பதுபோலத் தோன்றும் காட்சியைப் படமெடுக்கக் கூட்டம் குவிந்தது. சாலையை மறித்தார்கள், குப்பை போட்டார்கள். பொறுக்க முடியாத ஊர் நிர்வாகம் 2024 மே மாதம் கறுப்பு வலையைக் கட்டி மலையையே மறைத்தது. சில மாதங்களுக்குப் பின் அது அகற்றப்பட்டது. அருகே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டுமென்று சென்னை ஐகோர்ட் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் அது அமலுக்கு வந்தது. ஊர் தாங்கும் அளவுக்குத்தான் கூட்டம் என்ற கொள்கை எங்கும் வலுப்பெற்று வருகிறது. மூணாறும் கொல்லங்கோடும் அதிலிருந்து தப்ப முடியாது.

அணையின் பெயரில் வரும் படங்கள்

பிழைப்பைவிடப் பெரியது பாதுகாப்பு. எல்லைத் தமிழர் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுவே.

முல்லைப் பெரியாறு அணை 1886-ம் ஆண்டு ஒப்பந்தப்படி கட்டத் தொடங்கி, 1895-ல் முடிந்தது. கட்டியவர் பென்னி குயிக். தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் வயலுக்கும் குடிநீருக்கும் ஆதாரம். அதே அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு, உப்புதறை போன்ற ஊர்களில் வாழ்பவர்களுக்கு அச்சம். இரு தரப்பிலும் உள்ளவர்கள் உழைத்துப் பிழைப்பவர்களே. வண்டிப்பெரியாறு பகுதித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களும் நிறைய உண்டு என்பதை மறக்கலாகாது. அணையைப் பற்றிப் பீதி கிளம்பினால் முதலில் தூக்கம் கெடுவது அவர்களுக்கும்தான்.

1979-ல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்த ஆண்டிலேயே இங்கும் அச்சம் பரவி, நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பலப்படுத்தும் பணிகள் நடந்தன. 2006-லும், பின்னர் 2014 மே 7-ந் தேதியும் சுப்ரீம் கோர்ட் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. இதற்கிடையில் வந்தது 2011-ம் ஆண்டு. இடுக்கியில் லேசான நில அதிர்வுகள் உணரப்பட்டன. அணை உடைவதைக் கருவாகக் கொண்ட 'டேம் 999' என்ற சினிமா நவம்பரில் வெளிவந்தது. தமிழக அரசு அதைத் தடை செய்தது. டிசம்பரில் நிலைமை முற்றியது. குமுளி எல்லையில் போக்குவரத்து நின்றது. இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டனர். பல குடும்பங்கள் குழந்தை குட்டிகளுடன் மலையை விட்டு இறங்கித் தேனி மாவட்டத்துக்கு ஓடின. தமிழ்நாட்டிலும் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. இரு பக்கமும் அடி வாங்கியது அணையைப் பற்றி ஒரு முடிவும் எடுக்கும் அதிகாரம் இல்லாதவர்கள்.

2011-ல் எல்லோர் கையிலும் இன்றைய செல்போன் இல்லை. இன்று இருக்கிறது. 2021 அக்டோபரில் அணையைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்ற கோஷம் சமூக வலைத்தளங்களில் வேகமாகப் பரவியபோது, அணைக்கு ஆபத்தில்லை என்றும், பீதி கிளப்புவோர் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் கேரள முதல்வர் பினராயி விஜயன் சட்டசபையில் கூற வேண்டியதாயிற்று. 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்த பிறகு அதே பேச்சு மறுபடியும் தலைதூக்கியது.

இப்படிப்பட்ட நேரத்தில் வரும் படங்களை எப்படி எடைபோடுவது? சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். முல்லைப் பெரியாறு அணை அடர்ந்த காட்டுக்குள், புலிகள் காப்பகத்தின் நடுவில் உள்ளது. சாதாரண ஜனங்கள் நினைத்தபோது அங்கே போக முடியாது. ஆகவே 'இப்போது நேரில் எடுத்தது' என்று வாட்ஸ்அப்பில் வரும் படம் அங்கே எடுத்ததாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இடுக்கி அணை இரு குன்றுகளுக்கிடையே வில்போல் வளைந்த கான்கிரீட் சுவர். அதில் ஷட்டரே கிடையாது. ஷட்டர் இருப்பது அருகிலுள்ள செறுதோணி அணையில். 2018 ஆகஸ்டில் 26 ஆண்டுக்குப் பின் அவை திறக்கப்பட்டபோது எடுத்த படங்கள் ஏராளம். முல்லைப் பெரியாறோ சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய கல் அணை. அதன் மதகுகள் பக்கவாட்டில் தனியே உள்ளன. மூன்றும் மூன்று விதம். வளைந்த சுவரைக் காட்டி முல்லைப் பெரியாறு என்று ஒருவர் சொன்னால், அவர் இரண்டையும் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

உண்மையில் விபத்து நேர்ந்தால் அதிகாரிகள் சொல்லாமல் இருப்பதில்லை. 2022 செப்டம்பர் 21-ந் தேதி பரம்பிக்குளம் அணையின் நடு ஷட்டர் உடைந்து, சுமார் 20 ஆயிரம் கன அடி நீர் வெளியேறியது. சாலக்குடி ஆற்றங்கரையில் எச்சரிக்கை விடப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. அங்கே மக்களுக்கு உதவியது நேரத்தில் வந்த எச்சரிக்கையே அன்றி, யாரோ அனுப்பிய படம் அன்று. பேரிடரைப் பற்றிப் பொய்யான எச்சரிக்கை பரப்புவது 2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 'எனக்கு வந்தது, நான் அனுப்பினேன்' என்று சொல்லித் தப்பிவிடலாம் என யாரும் நினைக்க வேண்டாம். சட்டம் இருக்கட்டும், அடுத்த தோட்டத்தில் வேலை செய்யும் சொந்தக்காரருக்கு அந்தப் படத்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பார்த்தாலே கை தயங்கும்.

ஆண்டில் ஒரு நாள்

உரிமை விஷயத்தில் படம் என்ன செய்யும் என்பதற்கு மங்கலதேவி கண்ணகி கோயில் உதாரணம். தேனி மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் சந்திக்கும் மலையுச்சியில், சேரன் செங்குட்டுவன் எடுத்ததாக மரபு சொல்லும் இந்தக் கற்கோயில், சித்ரா பௌர்ணமி அன்று ஒரு நாள் மட்டுமே பக்தர்களுக்குத் திறக்கப்படுகிறது. குமுளியிலிருந்து ஜீப்பிலும், கூடலூர் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஜனங்கள் ஏறுகிறார்கள். இரு மாவட்டக் கலெக்டர்களும் கூடிப் பேசி ஏற்பாடு செய்கிறார்கள். கோயில் யாருடையது என்ற வழக்கு பழையது. அது தீரும்போது தீரட்டும். கற்கள் அதுவரை காத்திருக்கப் போவதில்லை.

சரிந்து கிடக்கும் தூண், வேர் பிளந்த சுவர், கல்லில் மிஞ்சிய எழுத்து இவற்றை ஆண்டுதோறும் அந்த ஒரே நாளில் ஒரே கோணத்தில் படமெடுத்து, தேதியுடன் பாதுகாத்தால், பத்தாண்டில் எந்தக் கல் எவ்வளவு சரிந்தது என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி கிடைக்கும். வெறும் முகத்தை முன்னால் வைத்து எடுத்த ஆயிரம் படத்தைவிட, தேதி போட்ட பத்துப் படம் கோயிலுக்குச் செய்யும் சேவை பெரிது.

பாலக்காட்டிலும் இதே நிலைதான். ஹைதர் அலி 1766-ல் கட்டிய கோட்டையின் முன் நின்று படம் எடுக்காதவர் இல்லை. அது மத்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. அந்தத் துறை 2018-ல் நாடெங்கும் உள்ள தன் சின்னங்களில், அஜந்தா போன்ற ஒரு சில இடங்கள் நீங்கலாக, படமெடுக்கத் தாராளமாக அனுமதித்துவிட்டது. மலம்புழா அணையில் கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் படைத்த யட்சி சிலை பலருடைய செல்போனிலும் இருக்கிறது. ஆனால் அந்த அணை சென்னை மாகாணம் இருந்தபோது கட்டப்பட்டது, 1955 அக்டோபர் 9-ல் அதைத் திறந்து வைத்தவர் அன்றைய சென்னை முதல்வர் காமராஜ் என்பது எத்தனை படத்தின் கீழே எழுதப்பட்டிருக்கிறது? அந்த ஒரு வரி எழுதினால், சித்தூர் தாலுகாவிலும் கொழிஞ்சாம்பாறையிலும் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்குத் தங்கள் மாவட்டத்தின் வரலாற்றில் தங்களுக்கும் பங்குண்டு என்பது விளங்கும்.

செய்யத் தக்கவை

அரசுகள் செய்ய வேண்டியது முதலில். மூணாறு, சாந்தன்பாறை, கொல்லங்கோடு போன்ற இடங்களில் வாகனம் நிறுத்த இடமும் குப்பைக்கு ஏற்பாடும் கூட்டத்துக்கு ஒரு வரம்பும் தேவை. பெட்டிமுடி போன்ற தோட்டக் குடியிருப்புகளில் மழைக்காலத்தில் நிற்காத தொலைபேசித் தொடர்பு தேவை. அணைகளைப் பற்றி வதந்தி கிளம்பினால், தேனி, இடுக்கி இரு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து, தமிழிலும் மலையாளத்திலும் ஒரே நேரத்தில் ஒரே விளக்கம் தர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணகி கோயிலுக்காகச் சேர்ந்து உட்கார முடிகிறவர்களால் இதுவும் முடியும்.

தொழிலாளர் செய்யக் கூடியதும் உண்டு. லயத்தின் சுவர் வெடித்திருந்தால், கூரை ஒழுகினால், பின்புறத்து மண்மேட்டில் புதிதாக விரிசல் கண்டால், அதைப் படமெடுத்துத் தேதியும் எஸ்டேட், டிவிஷன் பெயரும் எழுதி, பஞ்சாயத்துக்கும் தாசில்தாருக்கும் தொழிலாளர் துறைக்கும் அனுப்ப வேண்டும். குடியிருப்பு தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தைப் பிடித்துள்ள புதிய தொகுப்புச் சட்டத்திலும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு இடம் இருக்கிறது. மனுவை மலையாளத்தில்தான் எழுத வேண்டும் என்ற அச்சமும் வேண்டாம். கேரளத்தில் வாழும் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது. எழுதத் தயங்கும் தொழிலாளிக்கு, அருகிலிருக்கும் குமாஸ்தா ஒருவர் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அடுத்து, கைக்கு வரும் படத்தை மேலே அனுப்புவதற்கு முன் நான்கு கேள்வி கேட்கலாம். எடுத்தது யார்? எந்த இடம்? எந்தத் தேதி? இதனால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை? முதல் மூன்றுக்கு விடை இல்லாத படம் மொட்டைக் கடிதத்துக்குச் சமம். மொட்டைக் கடிதத்தை நம்பி ஊர்ப் பஞ்சாயத்தும் தீர்ப்புச் சொல்வதில்லை.

விடுமுறைக்கு வரும் உறவினர் மூணாறைச் சுற்றிக் காட்டச் சொன்னால் காட்டலாம். வரையாட்டையும் அணையையும் பார்த்த பிறகு, ராஜமலைப் பாதையில் பெட்டிமுடியில் மாண்டவர்கள் உறங்கும் இடத்தையும் ஒரு நிமிடம் காட்டலாம். அங்கே படம் எடுக்க வேண்டியதில்லை.